'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் வினைச்சொல் எங்கே?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் அப்படி என்ன இருக்கிறது, இத்தனை வருடம் கழித்தும் ஏன் அதைப் பேசுகிறார்கள்? வீடியோவில் ஒருவர் சாண்ட்விச் விற்கிறார், மேலே காகித விமானம் பறக்கிறது, அவ்வளவுதானே? அப்புறம், பாலிடெக்னிக் பாடத்துக்காக அந்தப் பாட்டை நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் ரீமிக்ஸ் செய்து நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது எல்லாரும் "ஒரிஜினலே போதும்" என்று சொல்லிவிட்டார்களே, எங்கே தப்பு?

நீங்கள் அனுப்பிய ரீமிக்ஸைக் கேட்டேன். இரண்டு தடவை ஹெட்ஃபோனில், ஒரு தடவை வேலைக்குப் போகிற வழியில் வண்டியில். தப்பு எங்கே என்று சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் பாட்டுக்குள் கொஞ்சம் போக வேண்டும். ஏனென்றால் உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் கிடக்கிறது: கோரஸில் வரும் அந்த நாலு துப்பாக்கிச் சத்தத்தில். உங்கள் ரீமிக்ஸில் நீங்கள் முதலில் கைவைத்ததும் அதில்தான்.

முதலில் ஆள். எம்.ஐ.ஏ. என்பது மேடைப்பெயர்; சொந்தப் பெயர் மாதங்கி அருள்பிரகாசம், மாயா என்று கூப்பிடுவார்கள். 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் கொஞ்ச காலம் சென்னையில் இருந்து, போர் முற்றிய நேரத்தில் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். படித்தது கலைக் கல்லூரியில். இசையை முறையாகப் படித்தவர் இல்லை; கடன் வாங்கிய ஒரு ரோலண்ட் எம்சி-505 மின்னணுத் தாளக் கருவியில் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் பாட்டுக்கட்டப் பழகினார். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், 'அருளர்', 2005. இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர், 'கலா', 2007. 'பேப்பர் பிளேன்ஸ்' இந்த இரண்டாவதில் இருக்கிறது.

'கலா'வை அமெரிக்காவில் உட்கார்ந்து செய்வதாகத்தான் திட்டம். விசா சிக்கலில் அது நடக்கவில்லை. சரி என்று அவர் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா. சென்னையில் ரஹ்மானின் ஸ்டூடியோவில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தது இந்தச் சுற்றலில்தான். 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டைப் போட்டுக் கேளுங்கள், முதல் சில நொடியிலேயே உங்கள் தோள் அடையாளம் கண்டுகொள்ளும். நம் சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் வாத்தியங்களுக்குத் தடை இருந்து, 2016-இல்தான் பாதையில் சில குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்பே உறுமி லண்டனில் ஒரு ஆல்பமாக வெளிவந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். இது நம் கேள்விக்கு வெளியே, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விசாதான் விஷயம். அதை மனதில் வைத்துக்கொண்டு 'பேப்பர் பிளேன்ஸு'க்கு வருவோம். பாட்டு தொடங்கும்போதே, எல்லைக்கு வந்தால் பிடித்துப் பார், பெயர் போட்டுக் கள்ள விசா செய்து தருகிறேன் என்று மார்தட்டும் ஒருத்தியின் குரல். காகிதம் என்பது இங்கே கடுதாசி மட்டும் கிடையாது. பாஸ்போர்ட்டும் காகிதம், விசாவும் காகிதம், பணமும் காகிதம். தாளம் மெதுவானது, நிமிடத்துக்கு 86 அடி. தயாரித்தவர் டிப்லோ, கூடவே ஸ்விட்ச்சும் கைகொடுத்தார். அடியில் ஓடும் அந்தக் கிட்டார், இங்கிலாந்து ராக் குழுவான 'த கிளாஷ்' குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டான 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' என்பதிலிருந்து எடுத்தது. அதனால்தான் பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் மாயா, டிப்லோ இருவரோடு அந்தக் குழுவின் நால்வர் பெயரும் இருக்கும்.

இப்படிப் பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைப்பதைச் சாம்பிள் என்பார்கள். சாம்பிள் எடுப்பதில் சோம்பேறித்தனமும் உண்டு, புத்தியும் உண்டு. இது இரண்டாவது வகை. 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' எதைப் பற்றி? இங்கிலாந்தில் மூடப்படும் எஃகு ஆலைகள், அங்கே வேண்டாத விருந்தாளியாக நடத்தப்படும் குடியேறிகள், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். "நீ இங்கே இருக்க வேண்டாம், போ" என்று சொல்லப்பட்டவர்களின் பாட்டு அது. இருபத்தைந்து வருடம் கழித்து, விசா மறுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் அந்தக் கிட்டாரின் மேல் ஏறி நின்று பதில் பாடுகிறார். கிட்டார் தெரிந்தவர்களுக்கு இது கேட்கும், தெரியாதவர்களுக்கு வெறுமனே திரும்பத் திரும்ப ஓடும் நல்ல லூப்பாக இருக்கும், இரண்டுமே சரிதான்.

இப்போது கோரஸ். இது 1992-இல் வந்த 'ரம்ப் ஷேக்கர்' என்ற ஹிப்ஹாப் பாட்டின் கோரஸ் மெட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடுவது லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிப் பிள்ளைகள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: எனக்கு வேண்டியதெல்லாம் — டப் டப் டப் டப் — அப்புறம் — துப்பாக்கியை இழுத்து விடும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் மணி — அப்புறம் உங்கள் பணத்தை எடுத்துக்கொள்வது.

பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்திருப்பீர்கள். இந்த வாக்கியத்தில் மூன்று வினை வர வேண்டும். முதல் இரண்டு இடத்திலும் சொல் இல்லை, சத்தம் இருக்கிறது. நம் மொழியில் ஒலிக்குறிப்பு நிறைய உண்டு, டப்பென்று சுட்டான், கிணிங்கென்று மணி அடித்தது என்போம். ஆனால் சுட்டான், அடித்தது என்ற வினை பின்னாலேயே வந்துவிடும். இந்தப் பாட்டில் வினையே வருவதில்லை. ஒலிக்குறிப்பு தனியாக நிற்கிறது, யார் சுட்டது, யாரைச் சுட்டது, உண்மையிலேயே சுட்டதா, எதுவும் சொல்லப்படவில்லை. கேட்கிறவர்தான் வினையைப் போட்டுக்கொள்ள வேண்டும். மாயா அந்தக் காலத்தில் இதைப் பற்றிக் கேட்டவர்களிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: அகதிகளும் குடியேறிகளும் எதையும் கொடுப்பதில்லை, உறிஞ்சத்தான் வருகிறார்கள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், அந்த நினைப்பைச் சத்தங்களாக வைத்துவிட்டேன், எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு.

அப்படியென்றால் அந்தத் துப்பாக்கி பாடுகிறவரின் கையில் இருக்கிறதா, கேட்கிறவரின் மண்டைக்குள் இருக்கிறதா? என் தீர்ப்பு: மண்டைக்குள். அதனால்தான் குழந்தைக் குரல். வளர்ந்த ஆளின் முரட்டுக் குரலில் இதே கோரஸைப் பதிவு செய்திருந்தால் அது மிரட்டலாகி முடிந்திருக்கும்.

இங்கிருந்து வீடியோவுக்கு வரலாம். இயக்கியவர் பெர்னார்ட் கௌர்லி, எடுத்த இடம் நியூயார்க்கின் புரூக்ளினில் பெட்-ஸ்டை பகுதி, மாயா அப்போது இருந்த பேட்டை. அவர் ஒரு உணவு வண்டியில் நின்று சாண்ட்விச் கொடுக்கிறார். வாங்க வருகிறவர்களில் பீஸ்டி பாய்ஸ் ராப் குழுவின் மைக் டியும் ஆட்-ராக்கும் உண்டு. தெருவில் ஆடுகிறார்கள். மேலே காகித விமானங்கள். "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று எழுதியிருந்தீர்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்: ஒரு பெண் உழைக்கிறாள், சாப்பாடு கொடுக்கிறாள், காசு வாங்குகிறாள். ஒலியைக் கூட்டிப் பாருங்கள்: கொள்ளைக்காரி. படம் ஒன்று சொல்கிறது, பாட்டு வேறொன்று சொல்கிறது, இரண்டும் ஒரே ஆளைப் பற்றி. கல்லாப்பெட்டி மணி அடிக்கிறதே, அது கொள்ளையடித்த மணியா, சாண்ட்விச் விற்ற மணியா? ஸ்டூடியோவில் பெரிய சண்டைக் காட்சி எடுத்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் உண்டு, புதுக்கோட்டைப் பக்கம், பத்து வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கிறார். மேடை வேலைக்கு நடுவில், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இந்த வீடியோவை அவருக்குக் கைபேசியில் காட்டினேன். ஆங்கிலப் பாட்டு, வரி அவருக்குப் புரியவில்லை. பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணுக்கு அங்க கடை போட பெர்மிட் இருக்கா?" நான் அப்படியே அசந்துவிட்டேன். நான் பல வருடம் பார்த்தும் வராத கேள்வி அது. வரி புரியாமல், படத்தை மட்டும் பார்த்து, பாட்டின் நெஞ்சில் கையை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கூட்டத்தோடு கூட்டமாக நடக்கும்போது அந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். பணம் அனுப்பும் கடைகளுக்கு முன்னால் வரிசை நிற்கும், கையில் காகிதம் இருக்கும்.

சரி, இனி தணிக்கை. எம்டிவி இந்த வீடியோவை ஒளிபரப்பியபோது துப்பாக்கிச் சத்தங்களை எடுத்துவிட்டு வேறு மெல்லிய சத்தங்களைப் போட்டது. 2007-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் மாயா நேரில் வந்து பாடியபோதும் அதே கதை, மேடையில் நின்றபோதுதான் சத்தம் மாறியிருப்பது அவருக்குத் தெரிந்தது, முகத்தில் அது தெரியும். பிறகு வெளிப்படையாகவே கோபப்பட்டார். நான் அந்த நாளில் இதை ஒரு பாடகியின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். நானே அதே தப்பைச் செய்த பிறகுதான் புத்தி வந்தது.

ஒரு வருடக் கடைசி விருந்து. வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே திறந்த திடல், கூடாரம், நாற்காலி, குடும்பம் குடும்பமாக ஜனம். பாட்டுப் பட்டியலைப் பார்த்த ஏற்பாட்டாளர், "பாட்டு நல்ல பாட்டுதான், ஆனா பெரியவங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாம் இருக்காங்க, சுடற சத்தம் வேணாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. முந்தின இரவு லேப்டாப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு கோரஸிலும் சத்தங்களை வெட்டினேன். வெறும் ஓட்டையாக விட்டால் நன்றாக இருக்காது என்று அந்த இடத்தில் கைதட்டும் சத்தத்தை ஒட்டினேன். தாளத்தில் சரியாக விழுந்தது, வேலை சுத்தம், எனக்கே பெருமை.

மறுநாள் போட்டேன். முதல் சரணம் வரைக்கும் கூட்டம் ஆடுகிறது. கோரஸ் வந்தது, கைதட்டல் விழுந்தது, ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு நொடி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். மின்சாரம் போனபோது பார்ப்பார்களே, அந்த மாதிரி. இரண்டாவது கோரஸ் வந்தபோது, முன்வரிசையில் இருந்த பதின்ம வயதுப் பிள்ளைகள் என் கைதட்டலை அமுக்கிவிட்டு வாயாலேயே "டப் டப் டப் டப்" என்று கத்தினார்கள், கல்லாப்பெட்டி மணியையும் வாயாலேயே அடித்தார்கள். மூன்றாவது கோரஸில் மொத்தத் திடலும் கத்தியது, எந்தப் பெரியவர்களுக்காக நான் வெட்டினேனோ அவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டு கூடவே. ஒலிப்பலகைக்குப் பின்னால் நின்ற எனக்கு முகம் சூடாகிவிட்டது. பாட்டிலிருந்து எதை எடுத்தாலும் ஜனம் பொறுத்துக்கொண்டிருக்கும், வினையை மட்டும் எடுத்தால் தாங்களே திருப்பிப் போட்டுவிடுவார்கள். எம்டிவி செய்ததும் நான் செய்ததும் ஒரு வகையில் ரீமிக்ஸ்தான், மோசமான ரீமிக்ஸ்.

இப்போது நல்ல ரீமிக்ஸ்களைப் பார்ப்போம், உங்கள் பாடத்துக்கு இதுதான் முக்கியம். 2008 தொடக்கத்தில் இந்தப் பாட்டின் ரீமிக்ஸ்கள் ஒரு சிறு தொகுப்பாக வந்தன, பெயர் 'ஹோம்லேண்ட் செக்யூரிட்டி ரீமிக்ஸஸ்'. அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் அது. விசா கொடுக்காத நாட்டின் வாசற்காவலையே தலைப்பாக வைத்துவிட்டார்கள், அதிலேயே பாதிச் சங்கதி முடிந்தது.

அந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த பாடம் டிப்லோவின் ஸ்ட்ரீட் ரீமிக்ஸ். அவர்தான் மூலத்தின் தயாரிப்பாளர், வேண்டுமானால் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருக்கலாம். செய்யவில்லை. வீட்டை இடிக்காமல் இரண்டு புது ஆட்களைக் குடிவைத்தார்: டெக்சஸ் மாநிலத்தின் பன் பி, அலபாமாவின் ரிச் பாய், இருவரும் அமெரிக்கத் தென்பகுதி ராப்பர்கள். பாடுகிறவர் மாறியதும் கோரஸின் பொருள் மாறிவிடுகிறது. குடியேறியைப் பற்றிய பயமாக இருந்த அதே துப்பாக்கிச் சத்தம், அமெரிக்கக் கறுப்பின இளைஞனைப் பற்றிய பயமாகத் திரும்புகிறது. ஒலிப்பலகையில் ஒரு ஃபேடரைக்கூடப் பெரிதாக நகர்த்தாமல் பொருளை நகர்த்துவது என்றால் இதுதான். எத்தனை பேர் இதை ரீமிக்ஸ் என்றே மதிப்பதில்லை, எனக்கு வருத்தம்.

அடுத்து பால்டிமோர்காரர்கள் இருவர், பிளாக்ஸ்டார், ஸ்காட்டி பி. பால்டிமோர் கிளப் என்றொரு பாணி இருக்கிறது, வேகம் 130 பக்கம், உடைத்த டிரம், குரலைத் துண்டு துண்டாக வெட்டித் திரும்பத் திரும்பச் சுத்துவது. அந்த ஊர்ப் பாணியில் குரலே தாளவாத்தியம் ஆகிவிடும். 'பேப்பர் பிளேன்ஸ்' கோரஸில் ஏற்கனவே தாளவாத்தியம் குரலின் இடத்தில் நிற்கிறது. ஆக இரண்டும் சந்தித்ததில் ஆச்சரியம் இல்லை, ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். நியூயார்க்கின் தயாரிப்பாளர் ஜோடி டிஎஃப்ஏ, அதாவது ஜேம்ஸ் மர்ஃபியும் டிம் கோல்ட்ஸ்வொர்த்தியும், பாட்டை நடனத்தளத்துக்குக் கூட்டிப்போனார்கள். வீடியோவில் சாண்ட்விச் வாங்கிய ஆட்-ராக்கும் ஒரு ரீமிக்ஸ் செய்தார். அதை நான் அவ்வளவாகப் போடுவதில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் பாட்டு உலகம் சுற்றியது. 2008-இல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்தது, அமெரிக்க ரேடியோக்கள் பிடித்துக்கொண்டன, பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடம் வரைக்கும் ஏறியது. அதே வருடம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தது. ரஹ்மான் இசையமைத்த அந்தப் படத்தின் ஆல்பத்தில் மூலப்பாட்டும் டிஎஃப்ஏ ரீமிக்ஸும் இரண்டுமே இருக்கும். படத்தில், ரயில் கூரையில் திரியும் பையன்களின் மேல் மூலப்பாட்டு ஓடும்போது, விசாவைப் பற்றி எழுதிய வரி இந்திய ரயிலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். யாரும் ஒரு இசைக்குறிப்பைக்கூட மாற்றவில்லை, பக்கத்தில் வைக்கும் படத்தை மாற்றினார்கள்.

இன்னொன்று, 'ஸ்வாகா லைக் அஸ்'. மாயாவின் பாட்டிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து கான்யே வெஸ்ட் கட்டிய பாட்டு, ஜே-ஸி, டி.ஐ., லில் வெயின், கான்யே நால்வரும் அதில் ராப் செய்கிறார்கள். 2009 பிப்ரவரி 8, கிராமி மேடையில் அந்த நால்வரோடு மாயாவும் ஏறினார், நிறைமாதக் கர்ப்பிணி, குழந்தை பிறக்க வேண்டிய தேதியே அன்றுதான். அந்த வருடம் 'பேப்பர் பிளேன்ஸ்' ஆண்டின் சிறந்த பதிவு என்ற பிரிவில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. விருது வரவில்லை. சில வருடம் முன்பு விசா கொடுக்காத நாடு, அதே நாட்டின் பெரிய மேடை. அந்தக் காட்சியை நேரம் கிடைத்தால் பாருங்கள்.

ஆக, உங்கள் ரீமிக்ஸ். சொல்வது கடினமாக இருந்தால் மன்னியுங்கள், நல்லது நடக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். கேட்டவுடனே தெரிந்தது, உங்களுக்குக் காது இருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு அடியில் நீங்கள் போட்ட பேஸ் அருமை, அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேகம்தான் முதல் சிக்கல். 86-இல் இருக்கும் குரலை 128-க்கு இழுத்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 49 விழுக்காடு வேகம். அவ்வளவு இழுத்தால் மெய்யெழுத்துகள் நொறுங்கும், சுருதியும் சேர்ந்து ஏறினால் குழந்தைக் குரல் எலிக்குரல் ஆகும், அதுதான் ஆகியிருக்கிறது. அதைவிட மோசம், துப்பாக்கிச் சத்தத்தையும் சேர்த்து இழுத்துவிட்டீர்கள். ஒரு வெடிச்சத்தத்தின் உயிர் அதன் முதல் சில மில்லி நொடியில் இருக்கிறது. வேகம் மாற்றும்போது மென்பொருள் அந்தக் கூர்முனையைத் தேய்த்துவிடும். உங்கள் கோரஸில் "டப்" என்று விழ வேண்டியது "தொப்" என்று விழுகிறது. இந்த மாதிரிச் சத்தத்தை இழுக்கவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, அதன் அசல் நீளத்திலேயே, புதுத் தாளக் கட்டத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

வேகத்துக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, 172. 86-இன் இரட்டிப்பு. குரலைத் தொடவே வேண்டாம்; அடியில் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடனப் பாணி ஓடும், மேலே குரல் பாதி வேகத்தில் சாவகாசமாக நடக்கும், இரண்டுக்கும் சண்டை வராது. இன்னொன்று கொஞ்சம் துணிச்சலானது: 129. அதாவது 86-க்கு ஒன்றரை மடங்கு. குரல் அசல் வேகத்திலேயே இருந்தால் குரலின் நாலு அடிக்கு ஹவுஸ் என்ற நடனத் தாளம் ஆறு அடி அடிக்கும், குரல் இரண்டு பார் (ஒரு பார் என்றால் நாலு அடி) முடிக்கும்போது தாளம் மூன்று பார் முடித்துவிட்டு ஒன்றாக வந்து சேரும். மிருதங்கம் படித்த யாரையாவது கேளுங்கள், நடை மாற்றி வாசிக்கும்போது இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்வார்கள். பாட்டு முழுக்க இதைச் செய்தால் தலை சுற்றும். நடுவில் ஒரு பன்னிரண்டு அடிப் பகுதிக்கு மட்டும் செய்து, இரண்டும் சேரும் முதல் அடியில், சரியாகச் சமத்தில், கோரஸை இறக்கினால் கூட்டம் துள்ளும்.

இரண்டாவது சிக்கல் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி. கோரஸ் முழுக்க ஒவ்வொரு அடிக்கும் கிக் போட்டிருக்கிறீர்கள், கூடவே ஹாலில் அடித்த மாதிரி எதிரொலி வேறு. மூலத்தில் அந்த நாலு வெடிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இடம்தான் கேட்கிறவர் வினையைப் போட்டுக்கொள்ளும் இடம். நீங்கள் அதைக் கிக்கால் நிரப்பிவிட்டீர்கள், எது வெடி, எது கிக் என்று தெரியாமல் வெடிச்சத்தம் கரைந்துவிட்டது. நான் கைதட்டலை வைத்துச் செய்ததை நீங்கள் கிக்கை வைத்துச் செய்திருக்கிறீர்கள். சத்தம் வருகிற அந்த ஒரு பாரில் கிக்கையும் பேஸையும் மொத்தமாக எடுத்துவிடுங்கள். வெடி நாலும் காய்ந்த தரையில் விழட்டும், எதிரொலி வேண்டாம். கல்லாப்பெட்டி மணியில் கிக் திரும்பி வரட்டும். உங்கள் நண்பர்களுக்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது, ஆனால் அவர்கள் காது இதைத்தான் தேடியது.

மூன்றாவது, குரலுக்குப் பின்னால் கிளாஷ் கிட்டார் நிழல் மாதிரி கேட்கிறது. குரலைப் பிரிக்கும் மென்பொருளில் பிரித்திருப்பீர்கள், முழுசாகப் பிரிந்து வரவில்லை. உங்கள் புது கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அந்த நிழலோடு மோதுகின்றன, அந்த இடங்களில் சுருதி ஒட்டவில்லை. ஒன்று கிட்டாரைத் தாராளமாக உள்ளே விட்டு அதன் மேல் கட்டுங்கள், இல்லாவிட்டால் கார்டே இல்லாமல் தாளத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கிட்டார் இருக்கட்டும். அது யாருடைய கதை என்று மேலே சொன்னேனே.

வெளியிடுவது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாட வேலையாக ஆசிரியரிடம் கொடுப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. இந்தப் பாட்டில் எழுதியவர்கள் ஒரு பக்கம், பதிவின் உரிமையாளர்கள் ஒரு பக்கம், உள்ளே கிளாஷ் பதிவு வேறு, இத்தனை பேர் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கமான காம்பஸ் அமைப்பிடம் வாங்கும் உரிமம், பாட்டைப் பொது இடத்தில் ஒலிக்க விடுவதற்கு. ரீமிக்ஸ் செய்து வெளியிட அது போதாது. ஆகவே ஏற்றாதீர்கள். கற்றுக்கொள்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள், நேர்முகத்துக்குப் போகும்போது போட்டுக் காட்டுங்கள், அதில் தப்பில்லை.

172-இல் ஒன்று, 129-இல் ஒன்று, இரண்டையும் செய்து அனுப்புங்கள். பேஸ் அப்படியே இருக்கட்டும். இந்தத் தடவை வண்டியில் கேட்க மாட்டேன், அடுத்த சனிக்கிழமை மேடை வேலை இருக்கிறது, கூட்டம் வருவதற்கு முன்னால் பெரிய ஸ்பீக்கரிலேயே போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். புதுக்கோட்டை அண்ணனும் அங்கேதான் இருப்பார்.